பெட்டியில் வந்தவையும் வராதவையும்

ஒரு நிறுவனம் வெளிநாட்டுச் சந்தையில் இறங்க நினைத்தால் அதன் முன்னே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. சரக்கைச் செய்து கப்பலில் அனுப்பலாம். பாகங்களாகப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளச் சொல்லலாம். வரைபடத்தையும் பெயரையும் உரிமமாகக் கொடுத்துவிட்டு ராயல்டி வாங்கலாம். உள்ளூர்க்காரரோடு கூட்டு நிறுவனம் தொடங்கலாம். முழுப் பங்கையும் தானே வைத்துக்கொண்டு ஆலை கட்டலாம். ரயில்பாதை, துறைமுகம் போன்றவற்றில் அரசோடு கால வரையறை போட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மேலாண்மைப் பாடங்கள் இவற்றை வரிசைப்படுத்தி, எதில் முதலீடு கூடுதல், எதில் பிடி கூடுதல், எதில் ஆபத்து கூடுதல் என்று அட்டவணை போடுகின்றன. அந்த அட்டவணை பயனுள்ளதுதான். ஆனால் அது வருகிறவரின் பக்கம் உட்கார்ந்து போட்டது. வந்திறங்கிய ஊரின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு எழும் கேள்விகள் வேறு.

அப்படி நின்று பார்க்க ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கரையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. லண்டனில் பணம் திரட்டிய ரயில் கம்பெனி, ஸ்வீடனின் தீப்பெட்டிக் கம்பெனி, இங்கிலாந்தின் லாரிக் கம்பெனியும் மோட்டார் சைக்கிள் கம்பெனியும், அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து ஒரு டயர் கம்பெனி, ஈரான் அரசின் எண்ணெய்க் கம்பெனி, துபாய், சிங்கப்பூர் துறைமுகக் கம்பெனிகள் என்று இத்தனை பேர் இந்தக் குறுகிய நிலப்பட்டைக்குள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வந்த வழி வேறு. இங்கேயே வளர்ந்து பிறகு வெளிநாடுகளில் ஆலை வைத்தவர்களும் உண்டு. நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். வந்தவர்கள் எதைக் கொடுத்தார்கள், எதைக் கையில் வைத்துக்கொண்டார்கள்? யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்ற கணக்கைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் பின்னால் நடந்தவற்றை நன்றாக விளக்குகிறது.

ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் மூலதனம் லண்டனில் திரட்டப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி என்று கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது, நிலமும் இலவசம். ரயில் நட்டத்தில் ஓடினால் பற்றாக்குறையை இந்திய வருவாயிலிருந்து, அதாவது இங்குள்ள குடியானவனின் வரியிலிருந்து ஈடுகட்டுவார்கள். அயல்நாட்டில் தொழில் செய்பவரை உறுத்தும் ஆபத்து முழுவதையும் இறங்கிய நாட்டின் தலையில் வைத்த ஏற்பாடு இது. லாபம் உறுதியாகிவிட்ட இடத்தில் செலவைக் குறைக்கும் அவசரம் யாருக்கும் இருக்காது. 1907இன் முடிவில் அரசு இந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட உறுதிமொழி ஆட்சியதிகாரம் வந்தவர் பக்கம் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும் என்பதால் இதைப் பாடத்திட்டத்தில் வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்பேன். பேரத்தில் எதிராளியே இல்லாதபோது ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே அளவுகோல்.

திருவொற்றியூரின் தீப்பெட்டிக் கதை இதற்கு அடுத்த கட்டம். ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியைக் கட்டியெழுப்பிய இவார் க்ரூகர், பல நாட்டு அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையைப் பெற்றவர். இந்தியாவில் அந்த வழி இல்லை. இங்கே விற்பதற்குக் கப்பலே போதுமாக இருந்தது, 1922இல் தீப்பெட்டிமீதான இறக்குமதி வரி உயரும் வரை. வரி ஏறிய அடுத்த ஆண்டே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, நம் வாயில் வழங்கும் விம்கோ, பிறந்தது. பம்பாய் அருகே அம்பர்நாத்தில் தொடங்கி நாட்டின் பல மூலைகளில் ஆலை வைத்தது. திருவொற்றியூர் அவற்றில் ஒன்று. சுங்க மதிலுக்கு வெளியே நின்று விற்க முடியாதபோது மதிலுக்குள் வந்து ஆலை கட்டுவது என்ற வழிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

விம்கோவின் இயந்திரமும் முறைகளும் ஆலைச் சுவருக்குள்ளேயே இருந்தன. அதே 1922-23இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி ஊரில் தொழில் தொடங்கினார்கள். உலகின் மிகப் பெரிய தீப்பெட்டிக் கம்பெனியின் ஆலை தமிழ்நாட்டிலேயே எழுந்தும், தமிழ்நாட்டின் தீப்பெட்டித் தொழில் வேறிடத்தில் கற்ற பாடத்தில் வளர்ந்தது. விடுதலைக்குப் பிறகு கையால் செய்யும் சிறு தொழிலுக்கு அரசு கலால் சலுகை கொடுத்தது. இயந்திர ஆலையின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2005இல் விம்கோ ஐ.டி.சி.யின் கைக்குப் போனது. இன்று மெட்ரோ ரயிலில் 'விம்கோ நகர்' என்று அறிவிப்பு வரும்போது பலருக்கு அது ஒரு கம்பெனியின் பெயர் என்றே தெரியாது. சிவகாசியின் சிறு ஆலைகளிலும் பெண் தொழிலாளர்களின் உழைப்பு மலிவாகவே வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கற்றுக்கொண்ட ஊருக்கு எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடுதலை பெற்ற இந்தியா பேரத்தை மாற்றிய ஆண்டு 1953. அதுவரை ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவை பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றுவந்தன. சுங்கவரி ஆணையம் ஒரு நிபந்தனையைப் பரிந்துரைத்தது: படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம், வெறுமனே பூட்டுபவர்கள் போகலாம். அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் போய்விட்டன. சந்தை சிறியது, அரசின் பிடி பெரியது என்று அவை கணக்குப் போட்டன.

எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸுக்கு இந்த நிபந்தனை வேறு விதமாக உதவியது. பஞ்சாபைச் சேர்ந்த ரகுநந்தன் சரண் 1948இல் தன் மகன் பெயரில் தொடங்கிய கம்பெனி அது. முதலில் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. நாட்டுக்கு இப்போது காரைவிட லாரியும் பஸ்ஸும் தேவை என்று கண்டு சரண் லேலண்ட் கம்பெனியோடு பேசினார். 1950இல் உடன்பாடு, அடுத்து லேலண்ட் காமெட் லாரிகள் எண்ணூரில் பூட்டப்பட்டன. சரண் விமான விபத்தில் இறந்த பிறகும் சென்னை அரசின் முயற்சியால் பேச்சு தொடர்ந்தது. 1955இல் லேலண்ட் பங்கு மூலதனம் போட்டது, கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. வெறும் உரிமத்தோடு நிற்காமல் பணத்தையும் போட்டதால் தாய்க் கம்பெனி புதிய வடிவங்களைத் தொடர்ந்து அனுப்பியது. 1967இல் டைட்டன் என்ற மாடி பஸ்ஸும் வந்தது. பங்கு முதலீட்டில் இருக்கும் உண்மையான ஆதாயம் இதுதான். தனக்கும் பங்கிருக்கும் இடத்துக்குத்தான் தாய்க் கம்பெனி தன் புதிய சரக்கை அனுப்பும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. பிரிட்டிஷ் லேலண்ட் 1975இல் அரசுடைமையாகி, பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1987இல் அதன் அயல்நாட்டுப் பங்குகளை வைத்திருந்த லண்டன் கம்பெனியை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் வாங்கின. எண்ணூரில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஆலையின் உரிமை எண்ணூரில் யாரையும் கேட்காமல் லண்டனில் கைமாறியது. இங்கிலாந்தின் லேலண்ட் ஊரில் இன்றும் லாரி ஆலை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வருவது டாஃப் என்ற பெயருள்ள வண்டி. லேலண்ட் என்ற பெயரை முகத்தில் தாங்கிய லாரி இப்போது இந்தியாவிலிருந்துதான் வருகிறது.

இதற்கு எதிர்மாறான கதை திருவொற்றியூரின் என்ஃபீல்டுடையது. இதை விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிமம் கொடுப்பது என்ற வழியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கம்பெனியிலேயே முழுமையாக இருக்கின்றன.

கே. ஆர். சுந்தரம் ஐயர் 1949இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றார். ராயல் என்ஃபீல்டு அவற்றில் ஒன்று. 1952இல் ராணுவம் 350 சி.சி. புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. வண்டி எல்லைப்புற மலைப்பாதைகளில் நன்றாக ஓடியதால் தேவை தொடர்ந்தது. 1955இல் ரெடிச் ஊரிலிருந்த தாய்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. பெரும்பான்மைப் பங்கு சென்னைக்காரர்களிடம்; வண்டியின் வடிவம் உரிமமாக வந்தது. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முழுவதும் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி முடித்த வண்டிகள் 163. அடுத்த ஆண்டு தாய்க் கம்பெனி ஒரு முடிவெடுத்தது: பாகங்களைச் செய்யும் அச்சுகளையும் கருவிகளையும் திருவொற்றியூருக்கே விற்றுவிட்டது. 1962க்குள் புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவில் செய்யப்பட்டன.

ஆறு ஆண்டுகளில் இது நடந்தது என்பதை ஒரு வரியில் கடந்து போகக் கூடாது. ஒரு கியர் பாக்ஸ் உறையை வார்க்க வார்ப்படச்சாலை வேண்டும். கிராங்க்கைக் கடைந்து அளவு பிசகாமல் நிறுத்த டூல் ரூம் வேண்டும், அளவுமானி பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், சிறு பாகங்களை ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்யும் லேத் பட்டறைகள் சுற்றிலும் வேண்டும். ஒரு வண்டியை முழுதாக உள்நாட்டில் செய்வதென்றால் இந்தப் பின்புலம் முழுவதும் உருவாகியாக வேண்டும். எண்ணூரின் லாரி ஆலையும் திருவொற்றியூரின் மோட்டார் சைக்கிள் ஆலையும் டயர் ஆலையும் ஒரே காலத்தில் அதைக் கோரின. சென்னையை இன்று மோட்டார் தொழில் நகரம் என்கிறார்கள். தொண்ணூறுகளில் வந்திறங்கிய கார்க் கம்பெனிகள் கண்டெடுத்த கைத்திறன் இந்த ஆண்டுகளில் வளர்ந்தது.

தாய்க் கம்பெனியின் ரெடிச் ஆலை 1967இல் மூடியது. எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. திருவொற்றியூர் ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் புல்லட்டைப் பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தது. தாய் மறைந்தும் பிள்ளை பிழைத்ததற்குக் காரணம் 1957இல் கைமாறிய கருவிகள். இதுவரை வெற்றிக் கதை.

ஆனால் கருவிகளை விற்கும்போது ரெடிச் கம்பெனி தன் வடிவமைப்பாளர்களை விற்கவில்லை. அப்படி விற்கவும் முடியாது. வந்தது 1955இன் புல்லட்டைச் செய்யும் திறன். அடுத்த வண்டியை வரையும் திறன் வரவில்லை. அந்த எஞ்சின் சில்லறை மாற்றங்களோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடியது. எண்பதுகளில் சிறு வண்டிகள் தேவைப்பட்டபோது ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியிடமிருந்து மறுபடியும் தொழில்நுட்பத்தை வாங்க வேண்டியிருந்தது; அந்த வண்டிகள் நிலைக்கவில்லை. ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு நூறு சி.சி. வண்டிகள் வந்திறங்கியபின் கம்பெனி தள்ளாடியது. 1990இல் ஐஷர் நிறுவனம் பங்கு வாங்கியது, 1994இல் முழுதாகச் சேர்த்துக்கொண்டது. பெயர்கூட உடனடியாகச் சொந்தமாகிவிடவில்லை. ஏற்றுமதியான வண்டிகள் என்ஃபீல்டு என்றே போயின. 'ராயல்' என்ற முன்னொட்டுக்கான உரிமை தொண்ணூறுகளில்தான் கைக்கு வந்தது.

வராமல் போன அந்த ஒன்றைப் பெற ராயல் என்ஃபீல்டு கடைசியில் இங்கிலாந்துக்கே போனது. 2015இல் பந்தய வண்டிச் சட்டகங்களுக்குப் பெயர்பெற்ற ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தை வாங்கியது. 2017இல் லெஸ்டர்ஷயரில் தொழில்நுட்ப மையம் திறந்தது. உரிமத்தில் அடங்காத வடிவமைப்புத் திறன் அறுபது ஆண்டுகள் கழித்து, ஆளாகவும் நிறுவனமாகவும் விலைக்கு வாங்கப்பட்டது. 650 சி.சி. இரட்டை எஞ்சின் வண்டிகள் அதன் பிறகு வந்தவை. உரிமம் கொடுப்பதை மலிவான, ஆபத்து குறைந்த வழி என்று பாடங்கள் சொல்கின்றன. கொடுப்பவருக்கு அது சரி. வாங்குபவர் எந்த ஆண்டில் கையெழுத்திட்டாரோ அந்த ஆண்டிலேயே நின்றுபோகும் ஆபத்து அவருடையது.

இதே தெருப்பக்கம் எம்.ஆர்.எஃப். கொடுக்கும் பாடம் இதற்கு நேரெதிர். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பருக்கு மாறினார். அன்று இந்திய டயர்ச் சந்தை டன்லப், ஃபயர்ஸ்டோன் போன்ற அயல்நாட்டுக் கம்பெனிகளின் சொந்த ஆலைகளின் கையில் இருந்தது. டன்லப் 1959இல் அம்பத்தூரிலும் ஆலை வைத்தது. மாம்மன் மாப்பிள்ளைக்குக் கிடைத்த கூட்டாளி ஓஹையோவின் மேன்ஸ்ஃபீல்டு டயர் அண்ட் ரப்பர், அமெரிக்காவில் இரண்டாம் வரிசைக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் தமது தொழில்நுட்பத்தைத் தம் சொந்த ஆலைகளில் பூட்டி வைத்திருக்கும்போது, சொந்தமாக வர வலுவில்லாத சிறிய கம்பெனிதான் உரிமம் விற்கும். இது இன்றைக்கும் பொருந்தும். உரிமம் தேடும் தொழில் முனைவோர் முதலாமவரின் வாசலில் காத்திருந்து காலம் கழிப்பதைவிட மூன்றாமவரின் கதவைத் தட்டலாம்.

மேன்ஸ்ஃபீல்டு கொடுத்த முறைப்படி செய்த டயர்கள் நம் சாலைகளுக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு வகுத்த கலவை, அதிகப் பாரம் ஏற்றிய லாரி குண்டும் குழியுமான சாலையில் வெயிலில் ஓடும்போது தாங்கவில்லை. கம்பெனி தானே கலவையைச் சோதித்துத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வி ஒரு பேறு என்பது என் கருத்து. என்ஃபீல்டுக்கு வந்த வடிவம் முதல் நாளே ஓடியதால் யாரும் அதைத் தொடவில்லை. எம்.ஆர்.எஃப்.புக்கு வந்தது ஓடாததால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தே தீர வேண்டியிருந்தது. 1964இல் ஏற்றுமதிக்காக பெய்ரூட்டில் அலுவலகம் வைத்தார்கள்; 1967இல் அமெரிக்காவுக்கே டயர் அனுப்பினார்கள், இந்தியாவிலிருந்து முதன்முறையாக. 1979இல் மேன்ஸ்ஃபீல்டு தன் பங்கை விற்று விலகியபோது திருவொற்றியூரில் எதுவும் நிற்கவில்லை.

1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் அயல்நாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது; கோக்கோ கோலாவும் ஐ.பி.எம்.மும் அதனால் வெளியேறின என்பது ஊரறிந்தது. நாட்டுக்குள் வரும்வரை பேரத்தில் கம்பெனியின் கை ஓங்கியிருக்கும், ஆலை கட்டி முடித்தபின் கை தாழும் என்று பொருளியலாளர் ரேமண்ட் வெர்னன் 1971இல் எழுதினார். வடசென்னையில் இதற்கு ஒரு திருத்தம் சொல்லலாம். கை தாழ்வது ஆலை கட்டியதால் மட்டுமல்ல. உள்ளூரில் வேறொருவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டதாலும்தான். சிவகாசி கற்காமல் இருந்திருந்தால் எந்தச் சட்டமும் விம்கோவின் பிடியைத் தளர்த்தியிருக்காது.

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்தவர்களின் நோக்கம் வேறு. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965இன் இறுதியில் பதிவானது. இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. அந்த இருவரும் பாரசீக வளைகுடாவில் டேரியஸ் எண்ணெய் வயலில் பங்காளிகள். தோண்டியெடுக்கும் கச்சா எண்ணெய்க்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் வேண்டும். அந்த வாடிக்கையாளருக்குள்ளேயே சிறு பங்கு வாங்கிவிட்டால் விற்பனை உறுதி. சிறுபான்மைப் பங்கைச் சந்தைக்கான நுழைவுச் சீட்டாகப் பயன்படுத்திய வழி இது. 1969இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1985இல் அமோகோ விற்றுவிட்டுப் போனது. ஈரானின் பங்கு மட்டும் இன்றும், இந்தியன் ஆயில் தலைமையில் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய அதே கம்பெனியில், 15.4 சதவீதமாக நிற்கிறது. அமெரிக்கத் தடைகளால் 2019 மே மாதத்தோடு ஈரானிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குவது நின்றது. எண்ணெய் விற்க வாங்கிய பங்கு எண்ணெய் நின்ற பிறகும் இருக்கிறது. இரு அரசுகளின் உறவில் மூன்றாம் நாடு தலையிடும் என்பதை 1965இன் ஒப்பந்தத்தில் யார் எழுதியிருக்க முடியும்?

ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்துக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001 நவம்பரில் சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் பி அண்ட் ஓ கம்பெனிக்குப் போனது. 2006இல் துபாயின் டி.பி. வேர்ல்டு பி அண்ட் ஓவை உலக அளவில் வாங்கியதும் இந்த முனையமும் கைமாறியது. அதே கைமாற்றம் அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, அங்குள்ள முனையங்களை விற்க வைத்தது. இங்கே சலசலப்பே இல்லை. இரண்டாவது முனையத்தை 2009 முதல் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. நடத்துகிறது. முனையத்துக்குள் கிரேன் எத்தனை வேகத்தில் பெட்டி தூக்க வேண்டும் என்பதற்கு ஒப்பந்தம் உண்டு. வாசலுக்கு வெளியே திருவொற்றியூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதற்கு எந்த முனையமும் பொறுப்பாளி இல்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உள்ளே செய்த முதலீட்டின் பயன் வெளியே வீணாயிற்று. அதன் சுமை டிரைவர்கள்மீதும், அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள்மீதும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்மீதும் விழுந்தது. ஒப்பந்தம் எழுதும்போது ஆலையின் அல்லது முனையத்தின் சுற்றுச்சுவரோடு பேனாவை நிறுத்துவது நம் அரசுகளின் பழைய குறை.

இனி எதிர்த் திசை. எண்ணூரும் திருவொற்றியூரும் இப்போது கொடுக்கும் இடத்தில் இருக்கின்றன.

அசோக் லேலண்ட் 1982இல் இலங்கை அரசுத் தரப்போடு சேர்ந்து லங்கா அசோக் லேலண்டைத் தொடங்கியது. கொழும்புக்கு அருகே பனாகொடையில் லாரி, பஸ் சேசிகளைப் பூட்டுகிறது. வளைகுடாவில் ராஸ் அல் கைமா அரசின் முதலீட்டு நிறுவனத்தோடு பஸ் ஆலை. தொழிலாளர் முகாம்களிலிருந்து வேலையிடத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் அந்த பஸ்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் தினமும் உட்கார்ந்து போகிறார்கள். இந்த இரண்டும் நிலைத்தன. 2006இல் செக் குடியரசின் ஆவியா லாரிக் கம்பெனியை முழுதாக வாங்கியது நிலைக்கவில்லை. 2013இல் அங்கே உற்பத்தி நின்றது. 2010இல் பிரிட்டனின் ஆப்டேர் பஸ் கம்பெனியில் 26 சதவீதம், 2012இல் 75.1 சதவீதம். அதுவே பிறகு ஸ்விட்ச் மொபிலிட்டி ஆனது. 2025இல் யார்க்ஷயர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தும் யோசனையை அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து ஸ்விட்ச் நிறுவனத்தின் தாழ்தள மின்பேருந்துகள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்காக ஓடத் தொடங்கின.

அயல்நாட்டில் தொழில் செய்பவருக்கு உள்ளூர்க்காரரைவிடச் செலவு கூடுதல், அதை ஈடுகட்டும் தனித்திறன் கையில் இருந்தால்தான் நிற்க முடியும் என்று பொருளியலாளர் ஸ்டீபன் ஹைமர் 1960இல் தன் ஆய்வேட்டில் வாதிட்டார். கரடுமுரடான சாலையில் குறைந்த செலவில் ஓடும் லாரி, எளிதில் பழுது பார்க்கும் பஸ் ஆகியவைதான் எண்ணூரின் தனித்திறன். இலங்கையிலும் வளைகுடாவிலும் அதற்கு விலை உண்டு. பிராகிலோ யார்க்ஷயரிலோ அதற்கு வாங்குபவர் இல்லை; அங்கே எண்ணூர் போனது கற்பதற்கு. கற்கப் போகிற இடத்தில் முழு ஆலையையும் அதன் சம்பளப் பட்டியலோடு வாங்குவது சுமை. ராயல் என்ஃபீல்டு வடிவமைப்பு மையத்தை மட்டும் வைத்துக்கொண்டது இந்த வகையில் புத்திசாலித்தனம்.

ராயல் என்ஃபீல்டு பாகங்களாக அனுப்பிப் பூட்டும் ஆலைகளை 2020இல் அர்ஜென்டினாவில் உள்ளூர்க் கூட்டாளியோடு தொடங்கியது; பிறகு கொலம்பியா, தாய்லாந்து, 2022இல் பிரேசிலின் மனாஸ். தாய்லாந்தில் முதலில் வேறொருவரின் ஆலையில் பூட்டிய கம்பெனி 2024இல் சமுத் பிரகானில் தனக்கே சொந்தமான ஆலை திறந்தது. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள முதலீட்டைக் கூட்டுவார்கள் என்று உப்சாலா பல்கலைக்கழகத்தின் யோஹான்சனும் வால்னேயும் 1977இல் சொன்னது இங்கே அப்படியே நடந்திருக்கிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் டாலர் தட்டுப்பாட்டின் தொடக்கத்தில் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு 2025 தொடக்கம்வரை நீடித்தது. உள்ளூரில் எவ்வளவு மதிப்புக் கூட்டுகிறீர்கள் என்று பூட்டுபவர்களை அந்த அரசு கேட்கத் தொடங்கியது. 1953இல் நாம் கேட்டதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டில் இருந்தும் சேசி இன்னும் கப்பலில் வருகிறது என்றால் அந்த நாடு கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிறிய சந்தை, எண்ணிக்கை கட்டாது என்ற பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நம்மிடம் சொன்ன பதிலும் அதுவே.

வங்கதேசம் 2023இல் மோட்டார் சைக்கிள் எஞ்சின் அளவுக்கான உச்சவரம்பை 375 சி.சி. வரை உயர்த்தி, பெரிய வண்டிகளை உள்நாட்டில் செய்பவர்களுக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. வண்டிகள் இஃபாத் குழுமத்தின் குமில்லா ஆலையிலிருந்து சந்தைக்கு வந்தன. முன்பு இந்திய வண்டிகளை விற்றுவந்த உள்ளூர் வணிகக் குடும்பம், உரிமம், உள்ளூர் ஆலை என்று எல்லாம் மெட்ராஸ் மோட்டார்ஸின் கதையாகவே இருக்கிறது. எந்தப் பாகம் எந்த ஆண்டுக்குள் அங்கே செய்யப்படும், எந்த அச்சு எப்போது கைமாறும் என்ற கால அட்டவணையை டாக்கா அரசு கேட்க வேண்டும். சென்னைக் கம்பெனி அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். அங்குள்ள இளம் பொறியாளர் சிலருக்கு சென்னையிலும் லெஸ்டர்ஷயரிலும் வரைபலகை முன்னே இடமும் கொடுக்க வேண்டும். திருவொற்றியூருக்கு ஆறே ஆண்டுகளில் கிடைத்தது குமில்லாவுக்கும் கிடைக்க வேண்டும், கிடைக்காமல் போனதும் சேர்த்து.